கடலூரிலிருந்து சமயவியல் படிக்கப் போகிறவர்களுக்கு: சேருவதற்கு முந்தைய பதினெட்டு மாதங்கள்

இந்து, பௌத்த, யூத மரபுகளைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தபோது, கடலூர் முதுநகரில் எனக்கு வழி சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். "சாமியாராப் போறதுக்கு எதுக்குப் பட்டம்?" என்று சித்தப்பா கேட்டார். கல்லூரியில் கேட்டால் பி.எட். போகச் சொன்னார்கள். முதல் வருடம் ஓர் இணையப் பதிவைத் தவறவிட்டதால் போயிற்று. இரண்டாம் வருடம் பெயருக்கு முன்னால் இருந்த ஒரே ஓர் எழுத்து மூன்று மாதத்தைத் தின்றது. உங்களுக்கு அந்த இரண்டு வருடமும் மிஞ்ச வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

1. எந்த வகைப் படிப்பு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சமயம் படிக்க மூன்று விதமான இடங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தச் சமயத்துக்குள்ளேயே ஆளை உருவாக்கும் இடம்: வேதபாடசாலை, ஆகமப் பாடசாலை, இறையியல் கல்லூரி. இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) சேரப் பெரும்பாலும் திருச்சபையின் பரிந்துரை வேண்டும். இரண்டு, மெய்யியல் (தத்துவம்) துறை. இங்கே வாதங்களைப் படிப்பீர்கள். சடங்கு, கோயில், வாழ்க்கை முறை எல்லாம் ஓரமாகத்தான் வரும். மூன்று, சமயவியல் துறை. நூல், மொழி, சடங்கு, சமூகம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஆராயும் படிப்பு இது. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தத் துறையின் பாடத்திட்டத்தை இறக்கி, முதல் இரண்டு செமஸ்டர் பாடத் தலைப்புகளைப் படியுங்கள். படிப்பின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிட்டு நான் வருந்தினேன்.

2. காகிதங்களுக்கு முன்னால் மொழி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மற்றதெல்லாம் மூன்று மாதத்தில் முடிகிற வேலை. மொழிக்கு ஒரு வருடம் வேண்டும். எந்த மொழியில் மூல நூலைப் படிக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் எந்தத் துறை உங்களுக்குத் திறக்கும் என்பது முடிவாகிறது. நல்ல மதிப்பெண் இருந்தும் மொழி இல்லாமல் வெளியே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சுமாரான மதிப்பெண்ணோடு சம்ஸ்கிருதம் ஒரு வருடம் படித்தவர்கள் உள்ளே போனதையும் பார்த்திருக்கிறேன்.

சைவம், வைணவம், வேதாந்தம் என்றால் சம்ஸ்கிருதம். ஆனால் நம் பக்கத்துக்காரர்கள் தேவநாகரியோடு நின்றுவிடக் கூடாது. தென்னாட்டில் சம்ஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தையும் படியுங்கள். புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகளில் பெரும்பாலானவை கிரந்தத்தில்தான் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்த தொகுப்பு அது. தமிழ் எழுத்து தெரிந்தவருக்குக் கிரந்தம் சில வாரங்களில் பழகிவிடும். வடக்கே படித்துவிட்டு வருகிறவருக்கு அது புது மலை. கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இப்படி ஒரு தொகுப்பு இருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அதை விட்டுவிடாதீர்கள்.

பௌத்தம் என்றால் பாலி. மகாயானம் பக்கம் போனால் சம்ஸ்கிருதம், பிறகு திபெத்தியமோ சீனமோ. தொடக்கத்துக்குப் பாலி போதும். சுத்த சென்ட்ரல் (SuttaCentral) என்ற இணையதளத்தில் பாலி மூலமும் மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரில் படிக்க விரும்பினால் புனே பல்கலைக்கழகத்தில் பாலிக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

தமிழிலேயே ஒரு பெரிய கதவு இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதை பல சமயத்தாரும் தத்தம் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை கேட்பதாக அமைந்தது. 29ஆம் காதையில் பௌத்த அளவையியல் (தர்க்கம்) விரிவாக வருகிறது. மதுரைத் திட்டம் (Project Madurai) இணையதளத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த இரண்டு காதையையும் உரையோடு ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுத் துறைக்குள் நுழைகிற மாணவருக்கு முதல் செமஸ்டர் பாதி முடிந்த மாதிரி.

யூத மரபுதான் நம் ஊரிலிருந்து மிகத் தூரம். இந்தியாவில் அதற்கென்று முழுப் பட்டப்படிப்பைத் தேடி நான் ஆறு மாதம் செலவழித்தேன். அந்தத் தேடலை நீங்கள் ஆறு மாதம் நீட்ட வேண்டாம், மொழியில் இறங்குங்கள். எபிரேயத்தில் 22 எழுத்து, வலமிருந்து இடமாக. உயிர் ஒலிகள் எழுத்தைச் சுற்றிப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரும். எனக்கு முதல் பாடம் எடுத்தவர் கடலூரிலேயே இருந்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையகம் நம் ஊர்தான். இறையியல் பட்டம் பெற்ற போதகர்களில் எபிரேயம் படித்தவர்கள் உண்டு. தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். "ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் வா தம்பி, நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார் போதகர் ஐயா. நான் இந்து என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எட்டு மாதத்தில் ரூத் புத்தகத்தின் நாலு அதிகாரத்தையும் அகராதியோடு படித்து முடித்தோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டைப் படிக்கும் முறை வேறு, யூதர்கள் அதே நூல்களைத் தனாக் என்ற தங்கள் வேதமாகப் படிக்கும் முறை வேறு. நூல் வரிசையே வேறு. போதகரிடம் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். யூத உரை மரபுக்கு ரஷி (இடைக்கால உரையாசிரியர்), மிஷ்னா (வாய்மொழிச் சட்டத் தொகுப்பு), தல்முது (மிஷ்னாவும் அதன் மேலான விவாதங்களும்) என்று தனியாக இறங்குங்கள். செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் மூலமும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் இலவசமாக இருக்கின்றன. தல்முதின் பெரும்பகுதி அரமேயத்தில் இருக்கும், அதற்காகப் பயப்படாதீர்கள், எபிரேயம் வந்தபின் அது வரும். யேல் பல்கலைக்கழகத்தின் எபிரேய வேதாகம அறிமுக வகுப்பு முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதை ஒரு கோடை விடுமுறையில் முடிக்கலாம்.

3. இந்தியாவில் எங்கே

பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் சம்ஸ்கிருதமும் உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்தவவியல் என்று தனித்தனித் துறைகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் இறுதியாண்டு வரை தெரியாது.

வெளி மாநிலம் போக முடிந்தால் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பௌத்தவியல் துறை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. இந்துவியல், பீகார் ராஜ்கீரில் நாளந்தா பல்கலைக்கழகம். நாளந்தாவில் பௌத்தவியலும் மெய்யியலும் ஒப்பீட்டுச் சமயவியலும் ஒரே பள்ளிக்குள் இருக்கின்றன. ஒரே மரபோடு நிற்காமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க இக்னோவிலும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. இந்துவியல் உண்டு. கட்டணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டு எந்த மொழியில் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பாடப் புத்தகம் இந்தியில் வந்து இறங்கினால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தொலைதூரப் படிப்பானாலும் அந்த ஆண்டுக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

4. கியூட் தேர்வும் அதற்குப் பிறகுள்ள பொறியும்

புதுச்சேரி, தில்லி, காசி மூன்றுக்கும் முதுநிலைக்குக் கியூட்-பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும். தேர்வு மார்ச் வாக்கில். 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். இந்துவியல், பௌத்தவியல், மெய்யியல் தனித்தனித் தாள்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. 'அளவை', 'பிரமாணம்' என்று தமிழில் படித்ததற்கெல்லாம் ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். தேர்வு மையத்துக்குப் புதுச்சேரியை முதல் விருப்பமாகக் கொடுக்கலாம். கட்டணம் பிரிவைப் பொறுத்து மாறும். இரண்டு தாள்களுக்கு ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் எடுத்து வையுங்கள்.

நான் விழுந்த பொறி இதற்குப் பிறகு. தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கியூட் மதிப்பெண் வந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குக் கெடு சில வாரங்கள்தான். எனக்கு அது தெரிந்தபோது கெடு முடிந்து ஒன்பது நாள். தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தைத் தினமும் காலையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

5. சான்றிதழ்கள்: தாலுகா ஆபீசிலிருந்து தொடங்குங்கள்

*ஓபிசி சான்றிதழ்.* நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி (கிரீமி லேயர் அல்லாதோர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதற்கு முன் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாதவையும் உண்டு. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று கை தாண்டி வர, எனக்குப் பதினாறு நாள் ஆனது. பல இடங்களில் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். புதுச்சேரியில் வாடகைக்கு இருந்து சொந்த ஊர் கடலூர் பக்கம் என்றால், எந்த ஊர்த் தாலுகா தரும் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரண்டும் வேறு வேறு அரசு.

*பட்டமும் டிரான்ஸ்கிரிப்டும்.* கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. நீங்கள் சேர்ந்த ஆண்டை வைத்து உங்கள் காகிதம் எங்கிருந்து வரும் என்பது மாறும். மதிப்பெண் பட்டியலின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி நான் தவறான ஊருக்கு ஒருமுறை பஸ் ஏறினேன். ப்ரொவிஷனல், மொத்த மதிப்பெண் பட்டியல், மைக்ரேஷன், டிசி நான்கையும் படிப்பு முடிந்த மாதமே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகமே தரும் பாடவாரி மதிப்பெண் ஆவணம்) மூன்று உறையாவது, முத்திரை வைத்து. எனக்கு ஏழு வாரம் ஆனது.

*பெயர்.* பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நமக்கெல்லாம் முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் அதை விரித்து அப்பா பெயராக எழுதச் சொல்வார்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று ஆகிவிடும். இரண்டும் ஒருவரே என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழி எடுத்து, ஐந்து பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல்தான் என் விண்ணப்பம் மூன்று மாதம் தூங்கியது. பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் 3,500. போலீஸ் விசாரணைக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

6. நோக்க அறிக்கையும் மாதிரிக் கட்டுரையும்

நாளந்தாவோ வெளிநாடோ, 'ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள்' என்று ஒரு பக்கம் கேட்பார்கள். 'சிறு வயதிலிருந்தே எனக்குப் பக்தி அதிகம்' என்று தொடங்காதீர்கள். 'எல்லா மதமும் ஒன்றே' என்றும் முடிக்காதீர்கள். ஒரு கேள்வியை வையுங்கள். அந்தக் கேள்விக்காக எதைப் படித்தீர்கள், எங்கே முட்டி நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்விக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் சமண மடத்தில் தருமசேனராக இருந்தவர் திருவதிகைக்குப் போய்த் திருநாவுக்கரசர் ஆனார் என்கிறது பெரியபுராணம். ஒரு மரபை விட்டு இன்னொன்றுக்குப் போனவரை இரண்டு மரபும் எப்படி நினைவு வைத்திருக்கின்றன? பௌத்தத்திலும் யூதத்திலும் இதே கேள்வியைக் கேட்டால் என்ன கிடைக்கும்? நான் இதைத்தான் எழுதினேன். கெடிலத்தின் கரையிலிருந்து புறப்பட்ட கேள்வி என்பதால் அதில் எனக்குப் பிடிப்பு இருந்தது. என் அறிக்கையைப் படித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எபிரேய வேதாகமத்தில் மயிலுக்கு வரும் 'துக்கி' என்ற சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்று அறிஞர் பலர் கருதுவது நமக்கு இனிக்கும் செய்திதான். ஆனால் அதை முதல் பத்தியில் வைத்துவிட்டு மேலே சொல்ல எதுவும் இல்லாமல் போனால் அறிக்கை விழுந்துவிடும். அதற்கு அடுத்த கேள்வி உங்களிடம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். ஆசிரியரிடம் ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள். இணையத்தில் அவர்களே ஏற்ற வேண்டும், கல்லூரி மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். நம் பக்கம் பல ஆசிரியர்களுக்கு அது இருக்காது. அந்த முகவரியைக் கல்லூரியிலிருந்து வாங்கித் தரும்படி நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

7. வெளிநாடு: செலவுக் கணக்கு

யூதவியலை முழுப் படிப்பாகவே வேண்டுகிறவர்களுக்கு இது தவிர்க்க முடியாது. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ரோத்பெர்க் பன்னாட்டுப் பள்ளி, லண்டனில் யுசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்), ஜெர்மனியின் ஹைடல்பெர்க். ஹைடல்பெர்க்கைக் கவனியுங்கள்: யூதவியலுக்கென்றே ஓர் உயர்கல்லூரியும், தமிழ் கற்பிக்கும் தெற்காசிய நிறுவனமும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆனால் ஜெர்மனியில் யூதவியல் பாடங்கள் பல ஜெர்மன் மொழியிலேயே நடக்கும். விண்ணப்பத்துக்கு முன் பயிற்றுமொழியைப் பாருங்கள்.

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று நண்பர்கள் சொல்வார்கள். ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், அது வர இரண்டு மாதம் ஒதுக்குங்கள். முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டம்பரில் வந்த கணக்கு). யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சத்தை நெருங்கும். யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் வாங்கும் இடங்களில் முதலாவதற்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. விசா 75 யூரோ.

பிரிட்டனில் எம்.ஏ. ஒரே வருடம், ஆனால் கட்டணம் கையைக் கடிக்கும். விசாவுக்குக் காட்டும் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அவசரத்துக்கு மாமா கேட்டார் என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும், அதற்குச் சென்னை போக வேண்டும்.

8. பணம் எங்கிருந்து

எஸ்சி, எஸ்டி மாணவர்கள் முதலில் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் நம் துறைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது என்று 2022இல் விதி சேர்த்தார்கள். பௌத்தத்தையோ இந்து மரபையோ வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் தலித் மாணவருக்கு இது நேரடி அடி. தன் மூதாதையர் வரலாற்றைத் தான் விரும்பும் இடத்தில் படிக்கும் உரிமையை இது பறிக்கிறது என்றே நான் நினைக்கிறேன். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்துவிட்டு, பிறகு தலைப்பை முடிவு செய்யுங்கள்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளம். வங்கிகளின் பொதுத் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. 'இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?' என்று மேலாளர் கேட்பார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்: கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வில் இந்துவியல், ஒப்பீட்டுச் சமயவியல், பௌத்த-சமண-காந்திய-அமைதியியல் ஆகியவை தனிப் பாடங்கள். யூதவியலுக்குத் தனித் தாள் இல்லை. அதில் போகிறவர்கள் ஒப்பீட்டுச் சமயவியல் தாளை எழுதும்படி இப்போதே பாடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

9. சேர்க்கை நாள்

காலாப்பட்டு என்றால் கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் நிலையம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ். வீட்டிலிருந்து ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். அசல் எல்லாம் ஒரு கோப்பில், ஜெராக்ஸ் ஐந்து செட் இன்னொரு கோப்பில், புகைப்படம் பத்து. டிசியும் மைக்ரேஷனும் அசலையே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே முந்தின நாளே இரண்டையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கட்டணம் கட்டிய ரசீதின் அச்சுப் பிரதியும் வேண்டும், கைப்பேசியில் காட்டினால் ஏற்காத கவுன்ட்டர்கள் இருக்கின்றன.